பாரபென் இல்லை, சரி, வேறென்ன இருக்கிறது?

கற்றாழை ஜெல் குப்பிகளில் பச்சை இலைப் படத்தின் கீழ் வழக்கமாக மூன்று வாசகங்கள் இருக்கும்: ‘இயற்கையானது’, ‘கெமிக்கல் இல்லை’, ‘பாரபென் இல்லை’. அழகுசாதனங்களில் ‘இயற்கை’ என்றால் என்ன என்பதை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏகூட வரையறுக்கவில்லை. ‘கெமிக்கல் இல்லை’ என்பது வெறும் பேச்சு, தண்ணீரும் கெமிக்கல்தான். மூன்றாவது உண்மையாக இருக்கலாம். சிக்கல் அங்கேதான்.

க்ரீமும் ஷாம்பூவும் கெட்டுப்போகாமலிருக்கப் பல பத்தாண்டுகளாகச் சேர்க்கப்பட்டு வந்தவை பாரபென்கள். 2004இல் பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப்பா டார்ப்ரே குழு, 20 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து பாரபென் தடயம் இருப்பதாக எழுதியது. நோயில்லாத திசுவோடு ஒப்பிடவில்லை. பாரபென்தான் புற்றுநோயைக் கொண்டுவந்தது என்று நிறுவவுமில்லை. ஆனால் பயம் பரவிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் ஐந்து வகைப் பாரபென்களைத் தடை செய்தது. புரோப்பில், பியூட்டில் வகைகளின் வரம்பை 0.14 சதவீதமாகக் குறைத்தது. அதிகம் புழங்கும் மெத்தில் வகைக்கு 0.4 சதவீத அனுமதி அப்படியே நீடித்தது.

பாரபெனைக் கைவிட்டவர்கள் வேறெதையாவது சேர்த்தாக வேண்டுமே! அப்படிப் பரவலானவற்றுள் ஒன்று மெத்தில்ஐசோதயசோலினோன். குழந்தைகளைத் துடைக்கும் வெட் வைப்ஸ் வரை அது நுழைந்தது. அரிப்பும் தடிப்புமாகத் தோல் மருத்துவர்களிடம் வருவோர் பெருகினார்கள். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2013இல் அதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. பூசிக் கழுவாமல் விடும் பொருட்களில் அதைச் சேர்க்க ஐரோப்பா 2017 முதல் தடை விதித்தது. அதே சங்கம் 2019இல் ‘ஒவ்வாமை தராத பொருள்’ என்று எதைத் தேர்ந்தெடுத்தது தெரியுமா? பாரபென்களை!

கெட்டுப்போகாமல் காக்கும் பொருளை, அதாவது பதப்படுத்தியை, செடியிலிருந்தே எடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு அப்படித்தான் புகழ்பெற்றது. ஜெர்மனியில் 1999இல் கடையில் விற்ற ஆறு சாறுகளைச் சோதித்தார்கள். ஐந்தில் பென்சதோனியம் குளோரைடு என்ற செயற்கைக் கிருமிநாசினி இருந்தது. சிலவற்றில் மெத்தில்பாரபெனும் இருந்தது. எதுவும் கலக்காத ஆறாவது சாறு கிருமியை ஒன்றும் செய்யவில்லை.

அப்படியானால் பதப்படுத்தி எப்போது தேவை? பார்க்க வேண்டியது தண்ணீரை. ஈரமில்லாத இடத்தில் கிருமி பெருகாது. நலங்குமாவு பொடியாக இருக்கும்வரை அதற்குப் பதப்படுத்தி தேவையில்லை. குழைத்து வைத்தால் மறுநாளே நாறும். தண்ணீர் சேராத தேங்காயெண்ணெய்க்கும் பதப்படுத்தி தேவையில்லை. தண்ணீர் சேர்ந்த க்ரீமை நல்ல நிறுவனங்கள் சோதித்துத்தான் வெளியே விடும்: சூடோமோனாஸ், ஸ்டஃபைலோகாக்கஸ், ஈ.கோலை, கேண்டிடா போன்ற கிருமிகளை வேண்டுமென்றே அதில் விட்டு, 28 நாள் வரை எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்று பார்ப்பார்கள். சூடோமோனாஸ் கண்ணில் பட்டால் கருவிழியில் புண் வரலாம். என்னைக் கேட்டால், பதப்படுத்தியே இல்லாத கண் மையைவிடப் பாரபென் சேர்த்த மை மேல்.

குப்பியைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் முதலில் ‘அக்வா’ என்றிருந்தால் அது தண்ணீர்; அப்படியானால் கீழே ஒரு பதப்படுத்தியின் பெயரும் இருக்க வேண்டும். திறந்த டப்பா படத்தில் ‘6எம்’ என்றிருந்தால் திறந்து ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஈரக் கையை உள்ளே விடாதீர்கள். அரிப்பு வந்தால் மருத்துவரிடம் போகும்போது குப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். எதற்குப் பேட்ச் டெஸ்ட் (தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை) செய்வது என்பதை முடிவு செய்ய அந்தப் பட்டியல் உதவும்.