அரிசி மூட்டை முதலில் வந்தது

வானொலி அறிவிப்பாளர் வேலையில் வாரம் தவறாமல் வரும் அறிக்கை ஒன்று உண்டு: 'நிறுவனச் சமூகக் கடப்பாடு'. பள்ளிக்குக் கணினி, முதியோர் இல்லத்துக்கு மளிகைப் பொருள், பெரிய அட்டைக் காசோலையுடன் ஒரு படம். நல்ல காரியம்தான். ஆனால் நைஜீரியாவின் போடோ ஊரைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு, அறிக்கையில் இல்லாததையும் நான் தேடுகிறேன்.

நைஜர் டெல்டாவில் 1956இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அங்குள்ள ஒகோனி மக்களுக்கு வயலும் ஓடையும்தான் சோறு. எண்ணெய்க் கசிவு இரண்டையும் கெடுத்தது. அவர்களுக்காகக் குரல் கொடுத்த கென் சாரோ விவா நம் துறைக்காரர். எழுத்தாளர், தொலைக்காட்சித் தொடர் தயாரிப்பாளர். 1995 நவம்பர் 10ஆம் தேதி இராணுவ அரசு அவரையும் இன்னும் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது.

ஒகோனி நிலத்தில் உள்ள போடோவில் 2008இல் ஷெல் நிறுவனத்தின் குழாய் இரண்டு முறை கசிந்தது. அலையாத்திக் காடு கருகியது. மீன்பிடித் தொழில் படுத்தது. முதலில் வந்த நிவாரணம், அரிசி, பயறு, சர்க்கரை, தக்காளி. ஊர் மக்கள் லண்டன் நீதிமன்றம் வரை போனார்கள். 2015இல் ஷெல் 5 கோடியே 50 லட்சம் பவுண்டு தர ஒப்புக்கொண்டது. அதில் 3 கோடியே 50 லட்சம் 15,600 பேருக்கு, மீதி ஊருக்கு.

டெல்டாவில் எல்லாக் கசிவுக்கும் நிறுவனமே காரணம் இல்லை. குழாயை உடைத்து எண்ணெய் திருடுவோரும் உண்டு. 2006 முதல் ஷெல், ஊர்களுடன் ஒப்பந்தம் செய்து, எந்தத் திட்டம் வேண்டும் என்பதை மக்களே முடிவு செய்ய நிதி கொடுத்தது. இது பாராட்ட வேண்டிய மாற்றம். ஆனால் 2011இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, ஒகோனி நிலத்தை முழுமையாகச் சீராக்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றது. கிணற்று நீர் கெட்டுக் கிடக்கும்போது பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தால் மட்டும் கணக்குச் சரியாகுமா?

எண்ணெய், எரிவாயுத் துறையில் நம் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். உங்கள் நிறுவனம் அடுத்த முறை அன்பளிப்பு விழா நடத்தினால், படம் எடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த உதவியைக் கேட்டது யார்? நம் தொழிலால் அருகில் இருப்பவர்களுக்கு என்ன பாதிப்பு? அதைச் சரிசெய்ய எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம்?

கொடுப்பது தர்மம். கெடுத்ததைச் சரிசெய்வது கடன். தர்மத்தைக் காட்டிக் கடனைத் தள்ளிப்போட முடியாது.