போக்காடும் தலைமையும்

லேவியராகமத்தின் நான்காம் அதிகாரம் பாவநிவாரணத்தைத் தகுதிக்கேற்ப வகுக்கின்றது. அறியாமற் பாவஞ்செய்த ஆசாரியன் காளையையும், தலைவன் வெள்ளாட்டுக் கடாவையும், சாதாரண குடிமகன் பெண் ஆட்டையும் பலியிடல் வேண்டும். பதவி உயருந்தோறும் பொறுப்பும் உயருகின்றது.

பதினாறாம் அதிகாரத்திலோ ஒரு புதிர் எழுகின்றது. ஆரோன் உயிருள்ள கடாவின் தலைமீது கைகளை வைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு, அதனை வனாந்தரத்துக்கு அனுப்புகின்றான். அதுவே போக்காடு. குற்றமற்ற உயிர் பிறர் சுமையை ஏற்பது நீதியாகுமா? எனினும், அதற்கு முன்னர் ஆரோன் தன் பாவத்துக்கெனக் காளையைப் பலியிட்டாக வேண்டும் என்பதை நாம் மறத்தலாகாது.

கினிகத்தேனை முதலாய மலையகத் தோட்டங்களின் வரலாற்றை இவ்வொழுங்குடன் ஒப்பிடுவோம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இடதுசாரிகளுக்குத் துணைநின்ற தொழிலாளர், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் தீர்மானிக்க விட்டது. தேயிலையால் நாட்டை வாழவைத்தோர் போக்காடாயினர். அவர்கள் தலைமீது கைவைத்த தலைமையோ தன் பாவத்தை முதலில் அறிக்கையிடவில்லை. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. உரிமையை மீளளித்தல் வேறு, தவற்றை ஏற்றல் வேறு. ஆரோனுக்கு விதிக்கப்பட்ட முதற்படி இங்கு இன்னும் ஏறப்படாததே என்பது எமது துணிபு.