கார் தூக்கி வாங்குமுன் காலடியைப் பாருங்கள்

வார இறுதியில் வீட்டுக் கராஜிலேயே கார் திருத்தி நாலு காசு மிச்சம் பிடிப்போர் எம்மவரிடையே உளர். ஜாக்கை விட்டு இருதூண் தூக்கி வாங்க எண்ணுவோர், விலையைப் பார்க்குமுன் தரையைப் பார்த்தல் வேண்டும்.

இருதூண் தூக்கி, தரையில் இறுக்கிய ஆணிகளின் பிடியிலேயே நிமிர்ந்து நிற்கிறது. பல தூக்கிகளுக்குக் குறைந்தது 4 அங்குலத் தடிப்புள்ள, வெடிப்பற்ற கொங்கிறீற் தேவை. ரெக்சாசின் களிமண் நிலங்களிலும் கலிபோர்னியாவிலும் பல வீடுகளின் தரையினுள் இழுத்திறுக்கிய உருக்கு வடங்கள் ஓடுகின்றன. துளையிடுகையில் வடம் அறுந்தால் ஆளுக்கும் ஆபத்து, அத்திவாரத்துக்கும் கேடு. இதுபற்றிய எச்சரிக்கை பல கராஜ்த் தரைகளில் பொறிக்கப்பட்டிருக்கும். பொறிப்பு இல்லாமையால் வடமும் இல்லையென்று கொள்ளலாகாது, பொறியியலாளரைக் கேளுங்கள். வாடகை வீடாயின் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும்.

அடுத்தது தரம். 1945இல் தோன்றிய வாகனத் தூக்கி நிறுவகத்தின் (ஏ.எல்.ஐ.) திட்டத்தில் சோதிக்கப்பட்டுத் தேறிய தூக்கிகள் தங்கநிற முத்திரை தாங்குகின்றன. “அந்தத் தரத்துக்கு அமையச் செய்தது” என்னும் விற்பனையாளரின் வாய்ச்சொல் சான்றாகாது. நிறுவகத்தின் பட்டியலில் அந்த மாதிரியின் பெயர் உண்டா என்று பாருங்கள்.

எண்ணெய் அழுத்தம் காரை உயர்த்துவதற்கே. தாங்கி நிற்க வேண்டியது இரும்புப் பூட்டு. உயர்த்தியபின் சற்றே இறக்கி, இரு தூண்களிலும் பாரம் பூட்டில் அமர்ந்ததை உறுதிசெய்த பின்னரே கீழே செல்லுங்கள்.

கடல்கடந்து காத்துவந்த உயிரைச் சில நூறு டொலர் மிச்சத்துக்காகப் பணயம் வைக்கலாமோ?