உங்களுக்குத் தெரியுமா? பனியனுக்குள் ஒரு வரவு செலவுக் கணக்கு

● பருத்தி இழையில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ். செல்லுலோஸின் எடையில் சுமார் 44 சதவீதம் கார்பன். திருப்பூரில் தைத்த சுத்தப் பருத்தி பனியனின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு, பருத்தி இலைகள் காற்றிலிருந்து பிடித்த கார்பன்தான்!

● மழை பொய்த்தால் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். நீர் மிச்சமாகும், ஆனால் கார்பன் வரவு குறையும். வரவு குறைந்த வீட்டில் செலவைச் சுருக்குவதுபோல, சப்பைகளையும் (பூமொட்டுகள்) பிஞ்சுக் காய்களையும் உதிர்த்துவிடும். பூத்து இரண்டு வாரம் தாண்டிய காய்களைப் பெரும்பாலும் கைவிடாது.

● பூத்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் இழைக்குள் செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படியும். அந்த நேரத்தில் கடும் வறட்சி வந்தால் இழை முற்றாது. முற்றாத இழை சாயத்தைச் சரியாகப் பிடிக்காமல், துணியில் வெளிறிய புள்ளிகளாகத் தெரியும்.

● திருப்பூரின் சாயக்கழிவால் நொய்யல் ஆற்றங்கரை நிலங்களில் உப்பு ஏறியது. உப்பு மண்ணில் வேர் நீரை உறிஞ்சவே பாடுபடும். அதற்காகச் செடிகள் சர்க்கரை, புரோலின் போன்றவற்றைச் செல்களில் சேர்க்கும். வளர்ச்சிக்குப் போகவேண்டிய கார்பன் இப்படியும் செலவாகும்.

● காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களில் கோடையில் கொழுக்கட்டைப் புல் பட்டுப்போனதுபோல் கிடக்கும். ஆனால் தண்டின் பருத்த அடிப்பகுதியில் உணவுச் சேமிப்பு இருக்கும். நல்ல மழை ஒன்று போதும், அந்தக் கையிருப்பைக் கொண்டு மறுபடி துளிர்த்துவிடும்!