ஒரு நடிகரின் காதலும் நமது வாலிபர்களும்

தேச விவகாரங்களைப் பேசுவதற்கென்று ஏற்பட்ட இப்பகுதியில் ஒரு நடிகருடைய காதலுக்கு இடம் கொடுப்பது தகுமா என்று நம் அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். முதலில் நாமும் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் இந்நாட்டில் ஒரு வாலிபனும் ஒரு யுவதியும் வெவ்வேறு மதத்தினராயிருந்து ஒருவரையொருவர் விரும்பினால், அந்த விருப்பம் அவர்கள் இருவரோடு நிற்பதில்லை. குடும்பம் வருகிறது, ஊர் வருகிறது, கடைசியில் சர்க்கார் உத்தியோகஸ்தரும் போலீஸும் வருகிறார்கள். இத்தனை பேர் தலையிடும் காரியத்தைத் தேச விவகாரமல்லவென்று எப்படித் தள்ளுவது? ஆகவே ஹிந்தி நடிகர் ஜனாப் ஷாரூக் கான், டெலிவிஷனில் நடித்துக்கொண்டிருந்த இளமை நாட்களின் வரலாற்றை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

தேசபக்தரின் புதல்வர்

அவர் 1965-ம் வருஷம் நவம்பர் மாதம் 2-ந் தேதி புது டில்லியில் பிறந்தவர். தந்தையார் மீர் தாஜ் முகம்மது பெஷாவர் நகரத்தவர். எல்லைக் காந்தி கான் அப்துல் கபார் கானுடைய செஞ்சட்டை இயக்கத்தாரோடு சேர்ந்து சுதந்திரப் போராட்டத்தில் உழைத்தவர். தேசம் துண்டாடப்பட்டபோது அவருடைய ஜன்ம ஊர் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. அவர் டில்லியைத் தமது ஊராக்கிக்கொண்டார். சுதந்திரத்துக்காக உழைத்த எத்தனையோ பேரைப் போல அவரும் அதைக் காட்டிப் பொருள் சேர்த்தவரல்லர். சில தொழில்களை நடத்திப் பார்த்தார்; உணவு விடுதியும் வைத்திருந்தார். குடும்பம் வாடகை வீடுகளில்தான் காலங் கழித்தது. 1980-களின் தொடக்கத்தில் அவர் புற்றுநோயால் காலமானபோது மகன் இன்னும் பள்ளிக்கூடத்துப் பையன்.

தாயார் லதீப் பாத்திமா அம்மையார் குடும்ப பாரத்தைத் தாங்கிப் பிள்ளையைப் படிக்கவைத்தார். செயின்ட் கொலம்பா பள்ளிக்கூடத்தில் சிறந்த மாணவருக்கு அளிக்கப்படும் கௌரவ வாளைப் பெற்ற அவர், ஹன்ஸ்ராஜ் கலாசாலையில் பொருளாதார சாஸ்திரம் பயின்று, பிறகு ஜாமியா மில்லியாவில் மேற்படிப்புக்குச் சேர்ந்தார். ஆனால் மனம் நாடகத்தில் லயித்துவிட்டது. பாரி ஜான் என்ற ஆசிரியரின் நாடகக் குழுவில் பயிற்சி பெற்றுவந்தவர், நடிப்பின் பொருட்டு மேற்படிப்பைப் பாதியில் கைவிட்டார்.

அபிமன்யு என்ற பெயர்

டெலிவிஷன் நம் நாட்டில் 1959-ல் டில்லியில் தொடங்கியது. 1980-களின் இறுதியிலும் சர்க்காரின் தூர்தர்ஷன் ஒன்றே நாட்டுக்கு இருந்தது. அதில் ஒரு தொடர் நாடகம் வந்தால் பணக்காரர் வீட்டிலும் ஏழை எட்டிப் பார்க்கும் ஜன்னலிலும் ஒரே காட்சிதான். 1989-ல் கர்னல் கபூர் தயாரித்த ‘பௌஜி’ என்ற தொடர், ராணுவப் பயிற்சி பெறும் வாலிபர்களின் கதையைச் சொல்லிற்று. அதில் அபிமன்யு ராய் என்ற துடுக்கான வாலிபனாகத் தோன்றினார் ஷாரூக். அடுத்து அஜீஸ் மிர்ஸாவும் குந்தன் ஷாவும் இயக்கிய ‘சர்க்கஸ்’ தொடரில் சேகரன் ஆனார். சினிமா முகம் என்று சொல்லத்தக்க அழகு அவரிடம் இல்லை. ஆனால் துடிப்பு இருந்தது. வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போன்ற ஓர் ஒட்டுதல் பார்ப்பவருக்கு உண்டாயிற்று.

இதை நம் வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஒரு முஸ்லிம் வாலிபர் அபிமன்யு என்ற பெயரோடு வீடு தேடி வந்தார். ஜனங்கள் அவரை வரவேற்றார்கள். அவர் எந்த மதம் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. ஆனால் அதே வாலிபர் தாம் விரும்பிய பெண்ணின் வீட்டு வாசலுக்குப் போனபோது, அங்கும் அவருக்கு ஒரு ஹிந்துப் பெயர் தேவைப்பட்டது.

அந்தப் பெண் கௌரி. பஞ்சாபி ஹிந்துக் குடும்பத்தினர். தந்தையார் ராணுவ அதிகாரி. 1984-ல் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டபோது ஷாரூக்குக்கு வயது பதினெட்டு. பெற்றோருக்கு மதம் தடையாயிருந்தது. ஆகவே அபிநவ் என்று பெயர் மாற்றிச் சொல்லி, ஹிந்துப் பையன் போலக் காட்டப் பார்த்தார்களாம். இதைக் கௌரியே பிற்காலத்தில் வெளியிட்டு, அது சிறுபிள்ளைத்தனம் என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த ஒப்புதலை நாம் மெச்சுகிறோம். ஆயினும் நடிப்பில் வைத்துக்கொண்ட பெயர் புகழைத் தந்த ஒரு தேசத்தில், வாழ்க்கையில் சொந்தப் பெயரை மறைக்க நேர்ந்தது யாருடைய குற்றம்? அந்த இரண்டு இளைஞர்களுடைய குற்றம் மட்டும் என்று நம்மால் சொல்லமுடியவில்லை.

காதலும் உடைமையும்

அவருடைய காதலில் குறையே இல்லையென்று நாம் எழுத வரவில்லை. அந்த நாட்களில் அவர் கௌரியைத் தம் உடைமைபோலப் பாவித்தார். அவள் கூந்தலை விரித்துவிடுவதும், பிற ஆடவரோடு பேசுவதும் அவருக்குப் பொறுக்கவில்லை. இதை அவரே பின்னர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். மூச்சு முட்டிப்போன அப்பெண், அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தோழியரோடு பம்பாய்க்குப் போய்விட்டாள்.

மகனுடைய வாட்டத்தைக் கண்ட தாயார், கையில் பணம் கொடுத்து அவளைத் தேடி வரும்படி அனுப்பினார். விலாசம் தெரியாது. கடல் என்றால் அவளுக்குப் பிரியம் என்பது ஒன்றுதான் தெரியும். ஆகையால் பம்பாய்க் கடற்கரைகளை ஒவ்வொன்றாக நண்பர்களோடு தேடினார்; பணம் தீர்ந்ததும் புகைப்படக் கருவியை விற்றார்; கடைசியில் நகரத்துக்கு வெளியே அக்ஸா கடற்கரையில் கண்டார். சினிமாக் கதைபோலத் தோன்றும் இச்சம்பவத்தில் கடற்கரையை விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கட்டுப்படுத்தியதால்தான் அவள் விலகினாள். அதை உணர்ந்த பிறகே அவர்களுக்குள் கல்யாணப் பேச்சு நிலைத்தது. நம் வாலிபர்களில் பலர் தேடிப் போனதை மட்டும் நினைவில் வைத்து, அவள் ஏன் போனாள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த மறதிக்கு சினிமாவும் பொறுப்பு. 1993-ல் வெளிவந்த ‘டர்’ படத்தில், விருப்பமற்ற ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து பயமுறுத்தும் பித்தனாக இவரே நடித்துப் புகழ் பெற்றார். அப்பாத்திரம் வில்லன் என்பது கதையில் தெளிவு. ஆனால் கொட்டகையில் கைதட்டல் அவனுக்கே கிடைத்தது. மறுக்கும் பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்று பெயரிடுவது அயோக்கியத்தனம் என்பதை நாம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். 1995-ல் வந்த ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயெங்கே’ படமோ வேறு வழி காட்டிற்று. அதில் கதாநாயகி தன்னை அழைத்துக்கொண்டு ஓடிப்போகும்படி கேட்டும், நாயகன் இணங்கவில்லை. பெற்றோர் மனம் இசையும்வரை காத்திருக்கிறான். பம்பாய் மராட்டா மந்திர் கொட்டகையில் ஆயிரம் வாரங்களுக்கு மேல் ஓடிய அப்படத்தில், தம் சொந்த வாழ்க்கையின் ஒரு பகுதியையே அவர் நடித்தார் என்று நமக்குத் தோன்றுகிறது.

இருவரும் மாறாத விவாகம்

1991-ம் வருஷத்தில் தாயார் காலமானார். அவ்வருஷம் அக்டோபர் மாதம் 25-ந் தேதி ஷாரூக்குக்கும் கௌரிக்கும் ஹிந்து முறைப்படி விவாகம் நடந்தது. முதல் படமாகிய ‘தீவானா’ வெளிவந்தது 1992-ல்தான். ஆகவே பணமும் புகழும் பெற்ற நட்சத்திரத்துக்குப் பெண் கொடுத்தார்கள் என்று யாரும் சொல்ல இடமில்லை.

கல்யாண விருந்தில், பெண்ணின் பெயரை மாற்றிவிடுவானோ, மதத்தை மாற்றிவிடுவானோ என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்களாம். மாப்பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, கௌரி இனி பர்தா போடவேண்டும், நமாஸ் செய்யப் புறப்படவேண்டும் என்று விளையாட்டாகச் சொல்ல, சபையே திகைத்துப்போயிற்றாம். இதை அவரே சிரிப்போடு கூறியிருக்கிறார். உண்மையில் நடந்தது என்ன? கௌரி பெயரையும் மாற்றவில்லை, மதத்தையும் மாற்றவில்லை. கணவருடைய மதத்தைத் தாம் மதிப்பதாகவும், ஆனால் அதற்காகத் தாம் மதம் மாறப்போவதில்லையென்றும், அவரும் தம் மதத்தை அவமதிக்கமாட்டாரென்றும் அவர் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். குழந்தைகள் இரு மதத்துப் பண்டிகைகளையும் அறிந்து வளர்ந்தார்கள். 2017-ல் வான்கூவர் நகரில் பேசிய ஷாரூக், தாம் கனவுகளையும் அன்பையும் விற்பவர் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார். விற்பதற்கு முன் அதைத் தம் வீட்டில் பரீட்சித்துப் பார்த்தவர் என்பதே நாம் அவரைப் பற்றி எழுதக் காரணம்.

சட்டம் செய்யவேண்டியது

கோர்ட்டு நடைமுறையில் பழகிய நாம் ஒரு விஷயத்தைக் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. இருவரும் தத்தம் மதத்திலிருந்துகொண்டே மணக்க வழிசெய்வது 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டம். 1872-ம் வருஷத்துப் பழைய சட்டத்தில், எந்த மதத்தையும் சாராதவர்களென்று பிரகடனம் செய்யவேண்டிய இழிவு இருந்தது. சுதந்திர பாரதம் அதை நீக்கியது. ஆனால் முன்கூட்டி அறிவிப்புக் கொடுக்கவேண்டும். அதை எல்லோரும் பார்க்கும்படி அதிகாரியின் ஆபீஸில் ஒட்டவேண்டும். 30 நாள் வரை ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்ற விதிகள் அதில் உள்ளன. 1955-ம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டப்படி மணப்பவர்களுக்கு இந்த விளம்பரம் கிடையாது. பெற்றோருக்கு அஞ்சி நிற்கும் ஜோடிக்கு அந்த 30 நாட்கள் என்ன கதி தரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. அறிவிப்பை வெளியிடுவது மணப்பவர்களின் இஷ்டத்தைப் பொறுத்ததே என்று அலகாபாத் ஹைகோர்ட்டு 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆயினும் சட்டப் புத்தகத்தில் அந்த ஷரத்துகள் திருத்தப்படவில்லை.

விவாகத்துக்காக மதம் மாறுவதையும் மாற்றுவதையும் தடுக்கவென்று உத்தரப் பிரதேசம் 2020-ல் அவசரச் சட்டம் கொண்டுவந்து, 2021-ல் அதை நிரந்தரமாக்கியது. நிர்ப்பந்த மதமாற்றத்தை நாமும் வெறுக்கிறோம். ஆனால் மதம் மாறாமல் மணக்கும் பாதையில் முள்ளை இட்டு வைத்துவிட்டு, மதம் மாறி மணப்பவர்களைத் தண்டிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? வயது வந்தவர் தம் துணையைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையைச் சுப்ரீம் கோர்ட்டு 2018-ல், கேரளத்து ஹாதியா வழக்கில், ஐயமற நிலைநாட்டியது. அந்த உரிமைக்கு ஏற்பப் பார்லிமெண்டு 30 நாள் விளம்பரத்தை எடுத்துவிடவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

எல்லைக் காந்தியின் பின் நின்ற ஒருவருடைய மகன், தான் விரும்பிய பெண்ணின் வாசலில் தன் பெயரைச் சொல்ல அஞ்சினான் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியல்ல. நம் வாலிபர்கள் அவரிடமிருந்து கற்கவேண்டியது பொறுமையும், பெண்ணின் சம்மதத்தை மதிப்பதும், பிறர் மதத்தில் கை வைக்காமையுமே. நம் தேசத் தொண்டர்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. இனி எந்த அபிநவும் தன் சொந்தப் பெயரோடு அந்த வாசலில் நிற்கும்படி, தங்கள் தங்கள் ஊரில் பெரியோர் மனத்தைத் திருப்பவேண்டும். அந்த வேலையை அவரவர் தம் சொந்த வீட்டிலிருந்தே தொடங்கலாம்.