சுவரில் மாட்டிய படமும் கண்ணாடியும்: உப்புக் காற்றிலிருந்து காப்பது எப்படி?



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. ரேஷன் கார்டு நனைந்து போனால் மனு கொடுத்து மறுபடி வாங்கிவிடலாம். கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவின் ஒரே போட்டோ போனால், போனதுதான். எந்த அலுவலகமும் அதைத் திருப்பித் தராது.

வெள்ளம் என்றைக்கோ வருகிறது. உப்புக் காற்று தினமும் வருகிறது. காற்றில் வரும் உப்பு ஆணியிலும் சுவரிலும் படிந்து ஈரத்தை இழுக்கும். இரும்பு ஆணியும் கம்பியும் துருப்பிடித்து ஒருநாள் அறுந்து விழும். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்னால் மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கிறது. ஓரம் வழியாக ஈரம் புகுந்தால் அதில் கறுப்புப் புள்ளி விழும். அப்புறம் எவ்வளவு துடைத்தாலும் போகாது.

பிரேம் போடும்போது

போட்டோ கண்ணாடியோடு ஒட்டி இருக்கக் கூடாது. ஈரம் பட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் கனமான அட்டை வைத்து இடைவெளி விட்டுத் தரும்படி கடையில் கேளுங்கள்.

மாட்டும்போது

1. சாரல் அடிக்கும் சுவர், வெயில் விழும் இடம், அடுப்புக்கு எதிர்ச்சுவர் வேண்டாம்.
2. துளை போட்டு, பிளக் வைத்து, துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள். கனமான கண்ணாடிக்கு இரண்டு ஸ்க்ரூ வேண்டும். கம்பிக்குப் பதில் உறுதியான நைலான் கயிறு போதும்.
3. பிரேமின் கீழ் மூலைகளில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும்.
4. தொட்டிலுக்கும் தலைமாட்டுக்கும் மேலே கண்ணாடி மாட்டாதீங்க.

துடைக்கும்போது

தண்ணீரைக் கண்ணாடி மேல் தெளிக்காதீங்க. துணியை லேசாக நனைத்துத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். சாமி படமோ, பனிமய மாதா படமோ, ஈரமான மாலையின் தண்ணீர் பிரேமுக்குள் இறங்காமல் பாருங்கள். விளக்கையும் மெழுகுவத்தியையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

போட்டோ நனைந்துவிட்டால்

ஸ்டுடியோவில் கழுவிய போட்டோ கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்த்து எடுக்காதீங்க. கண்ணாடியோடு சுத்தமான தண்ணீரில் ஊறவையுங்கள், மெதுவாக விடும். முகம் மேலே இருக்கும்படி நிழலில் காயவையுங்கள். இரண்டு நாள் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். பிரிண்டரில் எடுத்த படத்தைத் தண்ணீரில் போடக் கூடாது, மை கரைந்துவிடும். காய்ந்து ஒட்டிவிட்ட படத்தைத் தொடாமல், கண்ணாடியோடு ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு, வேறு பிரதி இல்லாத ஒரு படத்தை ஒவ்வொருவரும் கொண்டு வாருங்கள். நல்ல போன் வைத்திருக்கும் சகோதரி வெளிச்சம் பளபளக்காத நிழலில் வைத்துப் படம் எடுக்கட்டும். அதை வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கோ உறவினருக்கோ அன்றே அனுப்பிவிடுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் இந்த ஒரு வேலை முடியட்டும்.