எட்டு மூலை, இருபத்தெட்டு கோடு

பைத்தானில் புள்ளிகளை வைக்கிறது எளிது. எல்லாப் புள்ளிகளையும் ஒண்ணோட ஒண்ணு கோடு போட்டு இணைக்கிறதுலதான் பலர் மாட்டிக்கிறாங்க. உதாரணத்துக்கு எங்க வடலூர் சத்திய ஞான சபையை எடுத்துக்கலாம். 1872 தைப்பூசத்தில் முதல் ஜோதி தரிசனம் நடந்த, வள்ளலார் அமைத்த எண்கோண மண்டபம். எட்டு மூலை, எட்டுப் புள்ளி.

ஆரம் 1 என்று வெச்சுக்குங்க. 45 டிகிரிக்கு ஒரு புள்ளி. கோணத்தோட காஸ் எக்ஸ், சைன் ஒய். கோணத்தை ரேடியனா மாத்திக் கொடுக்கணும்.

இந்த எட்டையும் அப்படியே மேட்பிளாட்லிப்போட பிளாட்டுக்குக் கொடுத்தா வரிசையா ஏழு கோடுதான் வரும், சுற்றுகூட மூடாது. நமக்கு வேண்டியது 8 × 7 ÷ 2, அதாவது 28. ஒரு லூப்புக்குள்ள இன்னொரு லூப் போட்டா ஒவ்வொரு கோடும் ரெண்டு தடவை விழும். ஆல்ஃபா 0.3 என்று மங்கலா வெச்சிருந்தா, ரெண்டு பூச்சு சேர்ந்து 0.51 ஆகிடும். அதனால இட்டர்டூல்ஸில் இருக்கும் காம்பினேஷன்ஸைக் கூப்பிட்டு, புள்ளிகளையும் 2 என்ற எண்ணையும் கொடுங்க. ஜோடிக்கு ஒரு தடவைதான் வரும்.

இனிமேதான் கவனம் வேணும். பிளாட் கேட்பது ரெண்டு புள்ளியை இல்லை. முதலில் ரெண்டு எக்ஸ், அப்புறம் ரெண்டு ஒய். புள்ளிகளை அப்படியே கொடுத்தாலும் பிழைச் செய்தி வராது. (1, 0), (0, 1) ஜோடியில் சோதிச்சா கோடு தற்செயலா சரியாவே விழும்! ஆனா (1, 0), (-1, 0) கொடுத்துப் பாருங்க: கிடைக்கோட்டுக்குப் பதிலா (1, -1)-லிருந்து நடுப்புள்ளிக்கு ஒரு சாய்கோடு போகும். ஒரு ஜோடியை மட்டும் பார்த்துட்டு நம்பிடாதீங்க. ரெண்டு அச்சுக்கும் சம அளவு வைக்கவும் மறக்காதீங்க, இல்லன்னா எண்கோணம் நசுங்கித் தெரியும்.

புள்ளி 1,000 ஆனா கோடு 4,99,500. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பிளாட்டைக் கூப்பிட்டா கணினி திணறும். அப்போ லைன்கலெக்ஷன். வேடிக்கை என்னன்னா, இது புள்ளி ஜோடிகளை அப்படியே வாங்கிக்கும். கடைசியில் ஆட்டோஸ்கேலைக் கூப்பிட்டாப் போதும்.

ஆனா அத்தனை கோடும் விழுந்தா திரை ஒரே மையா இருக்கும். தூரத்தை அளந்து வடிகட்டுங்க. நம்ம சபையில் பக்க நீளம் சுமார் 0.77, மத்ததெல்லாம் 1.41, 1.85, 2. ஒண்ணுக்குக் குறைஞ்சதை மட்டும் வரைஞ்சா, எட்டுச் சுவர் மட்டும் நிற்கும்.